சிங்கனுக்கு ராகம் கிடைத்த கதை

நடராசர் ஆடும் சபைகள் ஐந்து. சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். குற்றாலத்தில் ஓவியம். அருவிக்கரைக் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிற சித்திர சபையில் ஈசன் சுவரில் வரைந்த வடிவமாகத்தான் ஆடுகிறார். வண்ணமும் கோடுமாகிய ஒரு படம் ஆடுகிறது என்று நம்பிக் கும்பிடுகிற ஊர் இது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே ஊரைப் பாடிப் பிறந்த ஒரு நகைச்சுவையும் அப்படிப்பட்டதுதான். கேட்கக் கேட்கக் கண்ணுக்குள் படம் ஓடும். திருக்குற்றாலக் குறவஞ்சி என்று அதற்குப் பெயர்.

எழுதியவர் திரிகூடராசப்பக் கவிராயர். ஊர் மேலகரம்; தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், பேருந்து சன்னலில் கண்ணயர்ந்தால் தாண்டிப் போய்விடுகிற ஊர். கவிராயர் குற்றாலத்துக்குத் தலபுராணம் பாடினார். உலா, சிலேடை, யமக அந்தாதி என்று ஒரே சாமிக்குப் பல நூல்கள் பாடினார். சிலேடையில் ஒரு சொல் இரண்டு பொருளைச் சுமக்க வேண்டும். யமகத்தில் ஒரே எழுத்துக் கூட்டம் அடிதோறும் திரும்பி வந்து வெவ்வேறு பொருள் தர வேண்டும். அவை எழுத இலக்கணமும் நிகண்டும் நாவில் இருக்க வேண்டும். புலமையின் கடினமான வேலைகளையெல்லாம் செய்து காட்டிய ஒருவர்தான், காட்டில் வலை கட்டி மைனா பிடிக்கிற ஒருவனின் புலம்பலை எழுத உட்கார்ந்தார். குறவஞ்சியின் பிறப்பில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது. வேடிக்கை எழுத அவர் தம் புலமையைத் திண்ணையில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை.

அவர் வெறுங்கையோடும் தொடங்கவில்லை. குறத்தி குறி சொல்லுவது தமிழில் பழைய வழக்கம். சங்கப் பாட்டிலேயே குறி சொல்லும் அகவன் மகள் உண்டு. கலம்பகத்தில் குறம் ஓர் உறுப்பு. 17 ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். குறம் என்பது குறத்தி வந்து, கை பார்த்து, நல்ல வாக்குச் சொல்லுவதோடு முடிகிற சிறு நூல். குறவஞ்சியில் அந்த இடத்தில் கதை பாதியில்தான் நிற்கிறது. குறி சொல்லப் போனவள் வீடு திரும்பவில்லை. அவளைத் தேடிக்கொண்டு புருஷன் புறப்படுகிறான்.

முன்பாதி உயர்குடிக் காதல். கட்டியங்காரன் வந்து சொல்ல, குற்றாலநாதர் பவனி வருகிறார். பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி அவரைப் பார்த்து மயங்குகிறாள். நிலாவைத் திட்டுகிறாள், தென்றலைத் திட்டுகிறாள், மன்மதனோடு சண்டை போடுகிறாள், பாங்கியைத் தூது விடுகிறாள். அப்போது தெருவில் குறத்தி சிங்கி வருகிறாள். தன் மலையின் வளத்தைச் சொல்லுகிறாள், கை பார்க்கிறாள், உன்னை வாட்டுகிறவர் குற்றாலநாதர்தான், வந்து சேருவார் என்கிறாள். வசந்தவல்லி மகிழ்ந்து நகைகளை அள்ளித் தருகிறாள்.

சிங்கி தன் மலையைச் சொல்லுகிற பகுதியை இப்போது நினைத்துப் பாருங்கள். ஆண் குரங்கு பழம் பறித்துக் கொடுத்துப் பெண் குரங்கைக் கொஞ்சுகிறது. அது சிந்துகிற பழத்துக்கு விண்ணுலகத்தார் கை நீட்டிக் கெஞ்சுகிறார்கள். தேனருவியின் அலை எழும்பி வானத்தின் வழியெல்லாம் ஒழுகியதில், சூரியனுடைய குதிரைகளின் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குகின்றன. ஏழு குதிரை பூட்டிய தேரில் நாள் தவறாமல் வருகிற பெரிய மனிதர், ஒரு மலைநாட்டு அருவியின் ஈரத்தில் சறுக்குகிறார்! கார்ட்டூன் வரைகிற எவரும் இந்த ஒரு காட்சிக்காகத் தாளை எடுத்து வைப்பார். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் இன்றைக்கும் குரங்குகள் கைப்பையையும் தின்பண்டத்தையும் குறிவைத்துக் காத்திருக்கின்றன. ஆனி ஆடிச் சாரலில் ஐந்து பிரிவாக இறங்குகிற தண்ணீரின் கீழே ஈரப் பாறையில் கால் வைத்தவருக்குச் சூரியன் தேர் சறுக்கியதும் நம்பக்கூடியதாகவே இருக்கும். கவிராயர் வேடிக்கையை வெளியூரிலிருந்து கொண்டுவரவில்லை; ஊரிலிருந்ததைக் கொஞ்சம் உயரே தூக்கி வைத்தார்.

பிறகு சிங்கன் வருகிறான். அவனும் கூட்டாளி நூவனும் வயல்வெளியில் கண்ணி வைக்கிறார்கள். பறவைகள் வந்து இறங்குகின்றன. அவன் மனமோ சிங்கியிடம். பறவை பறந்துவிடுகிறது. தேடி அலைந்து கடைசியில் அவளைக் கண்டுபிடிக்கிறான். அவள் உடம்பெல்லாம் நகை. நகையே பார்த்தறியாத கண் அவனுக்கு. காலிலே சுருண்டு கிடக்கிற சிலம்பு அவனுக்கு விரியன் பாம்பு, சதங்கை மணிகள் செத்த தவளை, பாடகம் மண்புழு. ஒவ்வொன்றையும் காட்டி இது ஏன் உன் காலிலே கிடக்கிறது என்று கேட்கிறான். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுகிறாள்: இது சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்றது, இது பாண்டியன் மகள் தந்தது, இது இன்ன நாட்டார் போட்டது என்று. அவன் பயமும் சந்தேகமும் ஏறிக்கொண்டே போக, அவள் ஊர் ஊராக நடந்து சம்பாதித்த பெருமையும் ஏறிக்கொண்டே போகிறது.

இந்த இடத்தில் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். குறத்தியின் தொழிலையோ சாதியையோ பார்த்து யாரும் நகைக்க இங்கே இடமில்லை. அவள் தன் வாக்கு வன்மையால் ஒரு நாட்டின் வரைபடத்தையே காலில் அணிந்துகொண்டு நிற்கிறாள். சிரிப்புக்கு ஆளாவது புருஷனின் பதற்றம். அதைச் சேரியிலும் சிரிப்பார்கள், அரண்மனையிலும் சிரிப்பார்கள்.

இனி ராகத்துக்கு வருவோம். அச்சிட்ட குறவஞ்சிப் பதிப்புகளில் பாட்டின் தலையில் ராகமும் தாளமும் போட்டிருக்கும். கட்டியங்காரன் வருகைக்குத் தோடி. வசந்தவல்லி வரும்போது கல்யாணி, ஆதி தாளம். அவள் பந்தடிப்பது பைரவியில், சாப்பு தாளத்தில். குறத்தியின் குரங்குகளுக்கும் சறுக்குகிற தேருக்கும் புன்னாகவராளி. தோடியும் பைரவியும் நாகசுரக்காரர் ராப்பொழுது முழுக்க வாசித்தாலும் தீராத ராகங்கள். அவற்றை விளையாட்டுக்கும் ஊர்வல அறிவிப்புக்கும் போட்டுக்கொடுத்திருக்கிறார்கள். புன்னாகவராளியோ பாம்பாட்டியின் மகுடியிலும் கச்சேரி மேடையிலும் ஒருங்கே வாழ்கிற ராகம். மலையிலிருந்து இறங்கி வருகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

சாப்பு தாளத்தைப் பந்தாட்டத்துக்கு வைத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது. மிச்ர சாப்பில் ஏழு. மூன்றும் நாலுமாக உடையும். சமமாக விழாத அடி. ஒரு பாதி குட்டை, ஒரு பாதி நெட்டை. தரையில் பட்டு எழுகிற பந்தும் அப்படித்தான், கீழே ஒரு வேகம், மேலே ஒரு வேகம். பாட்டின் சொல்லும் வளையலும் சிலம்பும் சேர்ந்து ஒலிக்கிற மாதிரி அடுக்கடுக்காகப் போகும். பந்து எங்கே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, காதே சொல்லிவிடும்.

சிங்கன் சிங்கி உரையாடலின் உத்தி இன்னும் எளிது, இன்னும் நுட்பம். அது இரண்டடிக் கண்ணிகளாக நடக்கிறது. ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும். அவன் கேள்வி ஒவ்வொன்றும் அவளை விளித்து முடியும்; அவள் பதில் ஒவ்வொன்றும் அவனை விளித்து முடியும்; இரண்டும் தாளத்தில் அதே இடத்தில் விழும். இரண்டு கண்ணி கேட்டதும் அவையோருக்கு அந்த இடம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. மூன்றாவது கேள்வி பாதியில் இருக்கும்போதே சிரிப்பு தொண்டைக்கு வந்து காத்திருக்கிறது; பதில் எந்த அட்சரத்தில் வந்து இறங்கும் என்று தெரியும், என்ன பதில் என்றுதான் தெரியாது. சிங்கனுக்கு எவ்வளவு ஆத்திரம் வந்தாலும் அவன் மெட்டை விட்டு வெளியே போக முடியாது. தாளம் அவனுக்காக ஓர் இமைப்பொழுதும் நிற்காது. அதுதான் வேடிக்கையின் உயிர்.

இதே உயிரை இன்னொரு கண்டத்தில் இருபதாம் நூற்றாண்டில் கண்டெடுத்தார்கள். பேசும் படம் வந்த புதிதில், 1929 இல், வால்ட் டிஸ்னியின் எலும்புக்கூடு நடனம் என்ற குறும்படம் வந்தது. அதற்கு இசை அமைத்த கார்ல் ஸ்டாலிங், மௌனப்படக் காலத்தில் கான்சாஸ் நகரத் தியேட்டரில் ஆர்கன் வாசித்தவர். முதலில் இசை, அதன் அடிக்குத் தக்கபடி எலும்புகள் ஆட வேண்டும் என்ற எண்ணத்தைக் கொடுத்ததே அவர்தான். பின்னர் வார்னர் பிரதர்ஸில் பக்ஸ் பன்னியின் படங்களுக்கு அவரே இசை. எம்ஜிஎம்மில் டாம் அண்டு ஜெர்ரிக்கு ஸ்காட் பிராட்லி. இருவரும் 1891 இல் பிறந்தவர்கள். திரையில் வினாடிக்கு 24 படச்சட்டம் ஓடும். 12 சட்டத்துக்கு ஓர் அடி என்று வைத்தால் வினாடிக்கு இரண்டு அடி. பூனை எத்தனையாவது சட்டத்தில் சுவரில் மோத வேண்டும் என்பதை வரைகிறவர் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்தார். நம் நட்டுவனார் தட்டுக்கழியில் செய்கிற வேலையைத் தாளில் செய்தார்கள்.

பழைய ஐரோப்பியச் செவ்விசையை அவர்கள் தேடிப் போனதற்கும் காரணம் உண்டு. அது காப்புரிமை தீர்ந்த இசை. மக்கள் காதில் ஏற்கெனவே இருந்த இசை. அறிந்த மெட்டு என்றால்தான் அடுத்த அடி எங்கே விழும் என்று அவை காத்திருக்கும். ரோசினியும் வாக்னரும் கார்ட்டூனுக்கு வந்தார்கள். உச்சம் 1947 இல் வந்த பூனைக் கச்சேரி. வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் இயக்கியது, ஆஸ்கர் வாங்கியது. படத்தில் பேச்சே இல்லை. கறுப்புக் கோட்டுப் போட்டு டாம் மேடைக்கு வருகிறது, வணங்குகிறது, பியானோவில் உட்கார்ந்து ஃபிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடியை வாசிக்கத் தொடங்குகிறது. பியானோவுக்குள் சுத்தியல்களின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறது. எழுந்த கோபத்தில் அது விரலில் மூடியைச் சாத்துகிறது, உள்ளேயிருந்து சுத்தியலில் குதித்து வேறு பாட்டு வாசிக்கிறது. டாம் மட்டும் வாசிப்பை நிறுத்தக்கூடாது. அவை உட்கார்ந்திருக்கிறது, கச்சேரி முடிய வேண்டும். காலால் வாசித்தாவது தொடர்கிறது. டாமின் விரல் விழுகிற கட்டையும் நம் காதில் விழுகிற சுரமும் பொருந்தி வருகிற அளவுக்குக் கவனமாக வரைந்திருக்கிறார்கள். வார்னர் பிரதர்ஸ் அதே ராப்சடியை வைத்து 1946 இல் முயல் படம் ஒன்று வெளியிட்டிருந்ததால், யார் யாரைப் பார்த்து எடுத்தார்கள் என்று இரண்டு கம்பெனிக்கும் பெரிய மனத்தாங்கல்.

டாமுக்குக் கச்சேரி, சிங்கனுக்குக் கண்ணி. இருவரும் இசையின் கட்டுக்குள் நின்று அல்லல்படுகிறார்கள். லிஸ்ட்டைக் கோணலாக வாசித்துச் சிரிப்பூட்ட பிராட்லி முயலவில்லை. சுத்தமாக வாசிக்கச் செய்தார். கல்யாணியைக் கேலியாக இழுத்துப் பாடுவது குறவஞ்சியிலும் கிடையாது. ராகம் சுத்தமாக நிற்க நிற்கத்தான் அதற்குள் மாட்டிக்கொண்டவனின் பாடு சிரிப்பாகிறது. செவ்விசையை நகைச்சுவைக்கு எடுத்தால் இசை தாழ்ந்துபோகும் என்று பயப்படுகிறவர்கள் இந்த இரண்டையும் பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இன்னொரு பொருத்தம் என்னை உலுக்கியது. லிஸ்ட் 1847 இல் எழுதிய அந்த ராப்சடியின் ஊற்று, ஹங்கேரியில் ஊர் ஊராகப் போய் வாசித்த ரோமா மக்களின் இசைக்குழுக்கள். மெதுவாக இழைகிற முன்பகுதி, பிறகு தலைதெறிக்க ஓடுகிற பின்பகுதி என்ற அமைப்பே அவர்கள் வாசிப்பு முறையிலிருந்து வந்தது. லிஸ்ட் அவர்கள் இசையைப் பற்றித் தனி நூலே எழுதினார். நிலையான ஊரில்லாமல் நடந்த மக்கள், குறி சொல்லும் தொழிலும் அவர்களிடம் உண்டு. அவர்கள் வாசிப்பு பெரிய மண்டபங்களுக்குப் போய், அங்கிருந்து ஒரு பூனையின் விரலுக்கு வந்தது. இங்கே சிங்கியும் மலையிலிருந்து தெருவுக்கு வந்து, புன்னாகவராளியில் பாடி, கோயில் முன்றிலுக்குப் போனாள். இரண்டு இடத்திலும் சிரிப்பின் அடியில் ஓடுகிறது நடந்து பிழைத்தவர்களின் பாட்டு. அவர்களுக்கு அரங்கில் நாற்காலி கிடைத்ததா என்ற கேள்வி இரண்டு இடத்திலும் மிச்சம் இருக்கிறது.

கவிராயருக்கு உரிய பலன் கிடைத்தது. மதுரை நாயக்கர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் இந்த நூலுக்காக நிலம் மானியம் கொடுத்தார். குறவஞ்சி மேடு என்று அதற்குப் பெயர். அவர் போட்ட வழியில் பலர் நடந்தார்கள். தஞ்சையில் சரபோஜி மன்னர் மேல் கொட்டையூர் சிவக்கொழுந்து தேசிகர் குறவஞ்சி பாடினார். வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியே பாடிவிட்டார். கிறிஸ்துவைப் பற்றியும் குறத்தி வந்து குறி சொல்லும்படி இந்த வடிவம் அவ்வளவு இளகிக் கொடுத்தது. ஆடியவர்கள் கோயில் நடனப் பெண்கள், ஆட்டுவித்தவர்கள் நட்டுவனார்கள். அவர்கள் வாழ்வு நொடித்தபோது குறவஞ்சிகளின் ஆட்டமும் ஒடுங்கியது. ஏடும் அச்சும் மட்டும் தப்பின.

குற்றாலத்தில் ஒருவர் இந்த நூலை விடாமல் வாயில் வைத்திருந்தார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1954 இல் மறையும்வரை குற்றாலத்தில் வாழ்ந்தவர். சாரல் காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வருவார்கள். கவிதையைக் கண்ணால் படிப்பது பாதிதான், வாய்விட்டுச் சொல்லிக் கேட்டால்தான் அது முழுசாகும் என்பது அவர் கொள்கை. குறவஞ்சி மாதிரி ஒரு நூலுக்கு அப்படி ஒரு வாசகர் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். தமிழ்ப் பாட்டுக்கும் கச்சேரி மேடை வேண்டும் என்று தமிழிசை இயக்கம் எழுந்த நாட்களும் அவைதாம். 1943 இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது.

அடுத்த ஆண்டு, 1944 இல், அடையாற்றில் ருக்மிணி தேவி அருண்டேல் தம் கலாக்ஷேத்திரத்தின் முதல் நாட்டிய நாடகத்தை மேடையேற்றினார். அவர் எடுத்துக்கொண்டது குற்றாலக் குறவஞ்சி. இசை அமைத்தவர் வீணை கிருஷ்ணமாச்சாரியார், டைகர் வரதாச்சாரியாரின் தம்பி. நடன அமைப்பில் துணை நின்றவர் காரைக்கால் சாரதாம்பாள். பரதநாட்டியத்துக்கு மரியாதைப்பட்ட மேடை வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்த ஒரு நிறுவனம், ராமாயணத்தை மேடையேற்றுவதற்கு முன்பே, விரியன் பாம்பையும் செத்த தவளையையும் சிலம்பிலும் சதங்கையிலும் பார்க்கிற ஒருவனை மேடையில் ஏற்றியிருக்கிறது. ஹாலிவுட்டில் டாம் பியானோவில் உட்கார்வதற்குச் சில ஆண்டுகள் முன்பு. இரண்டு கூட்டத்தாரும் ஒருவரை ஒருவர் அறிந்திருக்க நியாயமில்லை. கலாக்ஷேத்திரம் அந்த நாடகத்தை அதன் பிறகும் ஆடிவந்திருக்கிறது. 1994 இல் காதலன் படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் குறவஞ்சியில் வசந்தவல்லியின் அழகைச் சொல்லும் வரிகளை எடுத்து இசை அமைத்தார். கவிராயர் பெயரறியாத பிள்ளைகள் வாயிலும் அவர் தமிழ் ஏறியது. மறு வருஷம் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்து, நம் வீட்டுப் பிள்ளைகள் லிஸ்ட்டின் ராப்சடியை அவர் பெயர் தெரியாமலே மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள். பெயர் தெரியாமல் காதில் ஏறுவது நல்ல தொடக்கம்தான் என்பது என் எண்ணம்.

மேடைக்கு ஓர் எல்லை உண்டு. சிங்கனாக ஆடுகிறவர் கையைப் படமெடுக்க வைத்துப் பாம்பு என்று காட்டலாம். சிலம்பு அவர் கண்ணெதிரே பாம்பாக முடியாது. நெல்லைச் சீமையிலும் குமரியிலும் தோல்பாவைக் கூத்தில் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வெளிச்சத் திரையில் செய்கிற சேட்டைகள் மேடை நடிகரால் ஆகாதவை. தோலும் விளக்கும் அந்தச் சுதந்திரத்தைத் தருகின்றன. கையால் வரைந்து அசைய விடும் படம் அதைவிடப் பெரிய சுதந்திரம். சென்னையில் அசைபடம் வரைகிற இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை. பூனைக் கச்சேரி ஓடுவது ஏழெட்டு நிமிஷம். சிங்கன் சிங்கி கண்ணிகளுக்கும் அவ்வளவு போதும். முதலில் நல்ல பாடகர் இருவரை வைத்து, மிருதங்கத்தோடு, ஓர் அட்சரம் பிசகாமல் பாட்டைப் பதிவு செய்யுங்கள். பிறகு தாளத்தை வினாடிச் சட்டமாகப் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். கேள்வி முடியும் அடியில் சிலம்பு நெளிந்து விரியனாகட்டும், சதங்கை மணி தவளையாகிக் குதிக்கட்டும், பாடகம் மண்ணுக்குள் நழுவப் பார்க்கட்டும். பதில் விழுகிற அடியில் ஒவ்வொன்றும் நகையாகத் திரும்பி, சேலம் முதல் பாண்டிநாடுவரை சிங்கி நடந்த ஊர்கள் பின்னால் விரியட்டும். பின்னணியில் மேகத்தோடு குற்றாலத்துத் திரிகூட மலையை வரையும்போது, மேலே ஒரு மூலையில் சூரியனின் தேரையும் வரைந்துவிடுங்கள். ஏழாம் எண்ணில் சக்கரம் வழுக்க வேண்டும். சாப்பு தாளம் அதற்குச் சரியாக இடம் கொடுக்கும்.